புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்

புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதும், மூன்றாவதை எழுதினால் அது பொய் என்று எனக்குச் சொல்லித் தந்தவன், என் ஒருத்திக்கு மட்டும் நான்கு இலக்கம் போட்டான். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. சொன்னால் முதலில் சிரிப்பார்கள். காதலித்தவன் குடிகாரனாகிப் போனான், துபாய்க்குப் போனவன் திரும்பவேயில்லை என்றால் ஊர் உச்சுக்கொட்டும். தசமப் புள்ளியால் ஏமாந்தேன் என்றால் யார் உச்சுக்கொட்டுவார்கள்? இப்போது கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் வந்து, "சேச்சி, இதில் எத்தனை டெசிமல் காட்டணும்?" என்று கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்போது நான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு குடைக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் இருந்தேன். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் கட்டம், நட்சத்திரம், தசாபுக்தி எல்லாவற்றையும் அச்சடித்துத் தருவோம். தமிழிலா மலையாளத்திலா என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் தமிழில் கேட்பார்கள், கூட வந்த பிள்ளைகள் மலையாளம் மதி, அதுவே போதும் என்பார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் மவுஸைத் தொடவே பயப்படுவார். அவர் எப்போதோ வாங்கி வைத்திருந்த மென்பொருள், பழைய கம்ப்யூட்டரோடு சேர்ந்து மண்டையைப் போட்டுவிட்டது. புதிதாக ஒன்றை எழுதத்தான் என்னையும் அவனையும் வேலைக்கு வைத்தார்.

அவன் கோட்டைக்குள், கோவிலைச் சுற்றித் தமிழர்கள் குடியிருக்கும் தெருக்களில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சின்ன வயதிலிருந்தே முகம் தெரியும், பேசியதில்லை. அவனுடைய அப்பா அவன் சிறுவயதிலேயே தவறிவிட்டார், அம்மாதான் வளர்த்தாள். எம்.சி.ஏ. முடித்துவிட்டு இரண்டு பேருமே பெரிய கம்பெனிகளின் வாசலில் நின்று களைத்துப்போயிருந்த காலம் அது. ஜாதகக் கடையில் வேலை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் 'சாஃப்ட்வேர் டெவலப்மென்ட்' என்று சொல்லிக்கொண்டோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நிரலைப் பைத்தானில் எழுதினோம். கிரகங்கள் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடும் பகுதி இணையத்திலேயே கிடைத்தது. தலைவலியெல்லாம் அந்த எண்களை எப்படிக் காட்டுவது என்பதில்தான். சந்திரன் எங்கே என்று கேட்டால் கம்ப்யூட்டர் புள்ளிக்குப் பிறகு வரிசையாக இலக்கங்களை ஒப்பித்துக்கொண்டே போகும். அதற்கு வெட்கமே கிடையாது. அதே கம்ப்யூட்டரிடம் பூஜ்யம் புள்ளி ஒன்றையும் பூஜ்யம் புள்ளி இரண்டையும் கூட்டச் சொன்னால் மூன்றோடு நிறுத்தாது. பின்னால் பூஜ்யமாக அடுக்கி, கடைசியில் எங்கிருந்தோ ஒரு நாலைக் கொண்டுவந்து நிறுத்தும். இது என்னடா கூத்து என்று நான் ஒரு நாள் முழுக்கப் புலம்பினேன்.

"மூணுல ஒரு பங்கை எழுதச் சொன்னா நாம 0.333-ன்னு எழுதிட்டு எங்கேயாவது நிறுத்தறோம் இல்லே? அதுவும் அதோட பாஷைல எழுதிண்டு போயி எங்கேயோ நிறுத்தறது. அவ்வளவுதான்" என்றான் அவன்.

இன்னொரு நாள் இரண்டரையை முழு எண்ணாக்கச் சொன்னேன், இரண்டு என்றது. மூன்றரையைக் கொடுத்தேன், நான்கு என்றது. இது பிழையேதான் என்று நான் குதித்தேன். பிழை இல்லை, சரிபாதியில் நிற்கிறவனை அது வேண்டுமென்றே இரட்டைப்படைப் பக்கம் தள்ளும், எல்லோரையும் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தால் கூட்டுத்தொகை வீங்கிவிடும் என்று அவன் விளக்கினான். விளக்கும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது இப்படித்தான். ஒருத்தி ரவுண்டிங் விளக்கம் கேட்டு மனசைக் கொடுத்தாள் என்றால் அவளுக்கு இது வேண்டியதுதான் என்று நீங்கள் சொல்லலாம்.

எழுதிய நிரலைச் சோதித்துப் பார்க்க ஒரு பிறந்த நேரம் வேண்டுமே. என்னுடையதைக் கொடுத்தேன். என் நட்சத்திரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் மகம். மகத்துப் பெண் ஜகத்தை ஆளும் என்று அப்பா என்னைத் தூக்கிக் கொஞ்சாத நாள் இல்லை. பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாவும் 'மகம் பிறந்ந மங்க' என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். இரண்டு பாஷையிலும் பாராட்டு வாங்கிய நட்சத்திரம் அது. படிப்பில் சுமார், பாட்டு வராது, நிறமும் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கென்று இருந்த ஒரே பெருமை மகம்தான்.

எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தான்: வானத்தின் முழு வட்டத்தை இருபத்தேழாகப் பிரித்தால் ஒன்பதாவது நட்சத்திரமான ஆயில்யம் சரியாக நூற்றிருபது பாகையில் முடியும். அங்கிருந்து மகம். நான் பிறந்தபோது சந்திரன் அந்த வாசற்படியில் நின்றிருக்கிறது. திரையில் '120.00' என்று வந்தது. பக்கத்திலேயே 'ஆயில்யம்' என்றும் வந்தது.

"இதென்னது? நூத்தியிருபதுன்னு காட்டிட்டு ஆயில்யம்ங்கறது? நான் மகமாக்கும்!"

அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உள்ளே இருக்கறது 119.9987. அச்சடிக்கறச்சே ரெண்டு டெசிமல்ல நிறுத்தறோம், அதான் 120.00 ஆயிடுத்து. நட்சத்திரத்தை மட்டும் உள்ளே இருக்கற நம்பரை வச்சுப் பாக்கறது. இருக்கறது ஒண்ணு, காட்டறது ஒண்ணு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆயில்யம் என்று தெரிந்ததும் பேச்சை அப்படியே மடித்து வைத்துவிட்ட வீடுகளை எனக்குத் தெரியும். எந்த மாமியார் எப்போது எப்படிப் போனாள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை, ஆனால் பேச்சு நிற்கிறது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நீ பொறந்த நேரத்தை யாரு பாத்தா?"

அப்பாதான். அதுவும் ஒரு கதை. அப்பா பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று கைக்கடிகாரத்தை எப்போதும் ஐந்து நிமிஷம் முன்னால் ஓட விடுவார். நான் பிறந்ததை நர்ஸ் வெளியே வந்து சொன்னதும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, மனசுக்குள் ஐந்தைக் கழித்துச் சொன்ன நேரம்தான் என் ஜாதகத்தில் இருக்கிறது. நர்ஸ் கதவைத் திறந்து வர எவ்வளவு நேரம் ஆனது என்பது பகவானுக்கு வெளிச்சம். அதைச் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்போ கேளு. சந்திரன் ஒரு நிமிஷத்துல எவ்வளவு நகரும்? ரெண்டாவது டெசிமல்ல ஒண்ணு. அவ்வளவுதான். நம்ம ஊர்ல யாரோட கடியாரத்துக்கும் நிமிஷத்துக்குக் கீழே தெரியாது. அதனால ரெண்டு டெசிமல் மதி. மூணாவதை எழுதினா அது நம்ம கற்பனையாக்கும். கடியாரமே குத்துமதிப்பா சொல்றச்சே நாம எதுக்கு நாலு டெசிமல்ல சத்தியம் பண்ணணும்?"

அன்றைக்கே நிரலை மாற்றினோம். முதலில் எண்ணை இரண்டு இலக்கத்துக்குக் குறைத்துவிட வேண்டும், பிறகு அதே எண்ணை வைத்துத்தான் நட்சத்திரம் பார்க்க வேண்டும், அதே எண்ணைத்தான் தாளில் காட்ட வேண்டும். இருப்பதும் காட்டுவதும் ஒன்றாக இருக்கும். நிரல் முழுக்க அதற்கு ஒரே இடம், அங்கே ஒரு '2'. எந்த அயனாம்சம், அதாவது வட்டத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று கேட்டால் இதைவிடப் பெரிய சண்டை வரும், அதை விடுங்கள். மறுபடி ஓட்டியதும் '120.00, மகம்' என்று வந்தது. "உன்னை வச்சுத்தான் இந்த ரூலே. இந்த ரெண்டைத் தொடறவன் கை வெந்து போகும்" என்று அவன் திரையின் மேல் விரலை வைத்துச் சொன்னான். அந்த விரலை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஆனதை நீட்டி முழக்க விருப்பமில்லை. சாயங்காலம் கடையை அடைத்ததும் பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். தெரு முனை வரை சேர்ந்து நடப்போம், முனை வந்ததும் அவன் முன்னால் போவான், நான் கொஞ்சம் தள்ளிப் போவேன். யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்துக்கொண்டோம். தெருவுக்கே தெரிந்திருந்தது. வருஷம் இரண்டு ஓடியபின் அவனே ஒரு நாள், "ஆத்துல பேசிட்டேன். அம்மாவுக்குச் சம்மதம்தான். ஆனா மொறையா ஜாதகம் பாக்கணுமாம்" என்றான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு சின்ன வழக்கம் இருக்கிறது. பழைய ஜோசியர்கள் கையால் எழுதிய ஜாதகத்தை எங்கள் தெருக்களில் இப்போது யாரும் நம்புவதில்லை. பெண் வீட்டார் ஒன்றைத் திருத்தி எழுதி வாங்கியிருப்பார்களோ என்று சந்தேகம். கம்ப்யூட்டரில் எடுத்ததைக் கொண்டா என்பார்கள், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைப்பு. என் ஜாதகத்தை நானே எடுக்கப் போனேன். அவன் தடுத்தான்.

"நீயே எழுதின ப்ரோக்ராம்ல நீயே உன் ஜாதகத்தை எடுத்துக் கொண்டுவந்தேன்னு நாளைக்கு யாராவது சொல்லுவா. நான் எடுத்து அம்மா கைல கொடுக்கறேன். மதி."

எவ்வளவு யோசித்துப் பேசுகிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் எடுத்த தாளை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் தெருக்களில் வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஜாதகம் சேரலை' என்று சொல்லித் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நட்சத்திரத்தோடு போய்ச் சண்டை போடவா முடியும்? மறுநாள் கோவிலில் எதிரே பார்த்தால் பழையபடி சிரித்துக்கொள்ளலாம். பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது என்பதற்கு எங்கள் தெரு கண்டுபிடித்த வழி அது. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கும் ஒரு தாள் திரும்பி வந்தது.

அப்பா அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். கண்ணாடியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"இதென்னடி, உன் நட்சத்திரத்தை ஆயில்யம்னு போட்டிருக்கு?"

"தப்பா இருக்கும்ப்பா."

"உங்க கடைப் பேப்பர்தானே? கம்ப்யூட்டருக்குத் தப்பு வருமா?" என்றவர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு அஞ்சு கழிச்சேனா, ஆறு கழிச்சேனா? அந்த அவசரத்துல எனக்கு ஓர்மையில்லையே" என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. மகளுடைய வாழ்க்கையைத் தான்தான் ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டோம் என்று அந்த மனுஷர் நினைத்துவிட்டார். அன்றைக்கே கைக்கடிகாரத்தை ரேடியோ நேரத்துக்குத் திருத்தி வைத்தார். அதன்பிறகு அடிக்கடி பஸ்ஸைத் தவறவிட்டார்.

எனக்கு முதலில் தோன்றியது நிரலில் ஏதோ பிழை என்றுதான். அவனைச் சந்தேகிக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. அந்த அளவுக்கு அசடு நான். ஞாயிற்றுக்கிழமை கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் என் பிறந்த நேரத்தைக் கொடுத்தேன். '120.00, மகம்' என்று சமர்த்தாக வந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடியும் அதேதான். பிறகுதான் திரும்பி வந்த தாளை நிதானமாகப் பார்த்தேன். எங்கள் கடைத் தாள், எங்கள் எழுத்துரு, எங்கள் கட்டம். சந்திரன் நின்ற இடத்தில் மட்டும் '119.9987' என்று இருந்தது.

நான்கு இலக்கம். எங்கள் கடையிலிருந்து நான்கு இலக்கத்தோடு ஒரு தாள் வெளியே போனதே இல்லை, போகவும் முடியாது. யாராவது உள்ளே நுழைந்து அந்த ஒற்றை '2'-ஐ அழித்து '4' என்று எழுதினால்தான் உண்டு. கடைக்காரர் மவுஸையே தொடமாட்டார். மிச்சம் இருப்பது நானும் அவனும்.

இரண்டை நான்காக்கி இருக்கிறான். என் ஒரு தாளை மட்டும் அச்சடித்திருக்கிறான். பிறகு மறக்காமல் நான்கை மறுபடி இரண்டாக்கி வைத்திருக்கிறான். அந்தக் கடைசிக் காரியம்தான் என்னை அறுத்தது. அடுத்த நாள் வரும் வாடிக்கையாளர்களுக்கு நியாயம் பழையபடி நடக்க வேண்டும் என்று அவனுக்கு அக்கறை இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, வேலியைச் சரியாகக் கட்டிவைத்துவிட்டும் போயிருக்கிறது.

திங்கட்கிழமை அவனைப் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் காப்பிக்கடைக்குக் கூப்பிட்டுப் போய்த் தாளை முன்னால் வைத்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். முன்பு எனக்குப் பிடித்த அதே துடைப்பு.

"அம்மாவுக்கு வேண்டியாக்கும். அவளுக்கு எல்லாம் நுணுக்கமா இருக்கணும். நான் பொய் ஒண்ணும் எழுதலையே? உள்ளே இருக்கற நம்பர் அதுதானே? நீயே கண்ணால பாத்திருக்கே."

"மூணாவது டெசிமல் எழுதினா கற்பனைன்னு சொன்னது யாரு?"

"அது கடைக்குச் சொன்னது. இது அம்மாவோட உயிர்."

"அப்படின்னா எல்லாருக்கும் நாலு போடு. எல்லா அம்மாவுக்கும் உயிர் இருக்கு. ஏன் திரும்ப ரெண்டாக்கி வச்சே?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே பஸ்களைப் பார்த்தான். காப்பியில் ஆடை படர்ந்தது. கடைசியில், "நீ கெட்டிக்காரி, உனக்கு நல்ல எடமா அமையும், பாரு" என்றான். எதையாவது எடுத்து அவன் தலையில் போடலாம் போல இருந்தது. உன்னைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்துவிட்டு எழுந்திருப்பேன். அப்பாவும் கடிகாரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அவனோ நாங்கள் சேர்ந்து எழுதிய நிரலை எடுத்து, எனக்காகவே போட்ட விதியை மீறி, என் பிறப்பையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தான். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதை நான் அதுவரை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் ஒன்றை நம்பினேன். அம்மா கேட்டாள், அவனால் தட்ட முடியவில்லை என்பதை நம்பினேன். அவன் கோழை, அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் அந்த அம்மாள் மேல் கொட்டினேன். கோவிலில் அவளைத் தூரத்தில் கண்டால் வேறு பிராகாரத்துக்குப் போய்விடுவேன். நூறு வருஷம் இரு மாமி, எந்த மருமகளும் வராமல் சௌக்கியமாக இரு என்று வாய்க்குள் சபித்துக்கொண்டு சுற்றுவேன்.

அவன் சீக்கிரமே பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நிரலை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டேன். அந்த '2' இருக்கும் வரியைப் பார்க்காமல் வேகமாகத் தாண்டிவிடுவேன். வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். தப்புச் செய்தவன் அவன், நான் எதற்குப் போக வேண்டும் என்ற வீம்பில் இருந்தேன்.

கர்க்கடக மழை ஓய்ந்து சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்திருந்தது. கல்யாணப் பேச்சுகள் தொடங்கும் மாதம், கடையில் நல்ல கூட்டம். மத்தியானம் கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் மாடிப்படியில் மெல்ல ஏறி வந்தது அவனுடைய அம்மா. குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றாள்.

"நீ ஒருத்திதான் இருக்கியா, குட்டீ?"

"ஆமாம் மாமி. உக்காருங்கோ." சபித்த வாய்தான், வந்தவளை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒரு பிறந்த தேதியும் நேரமும் அதில் இருந்தன. "ஒரு பொருத்தம் பாக்கணும். உன்கிட்டயே வந்து கேக்கறேனேன்னு நெனைக்காதே. வேற கடைக்குப் போயி எனக்குப் பேசத் தெரியாது."

"அவனுக்கா?"

"ஆமா. பெங்களூர்ல அவன் ஆபீஸ்லயே இருக்கற பொண்ணு. இன்டர்வியூக்குப் போனானில்லே, அப்பவே பழக்கமாம். ஜாதகமெல்லாம் எதுக்கும்மா, எனக்கு அதுல விஸ்வாசமே இல்லேங்கறான். எனக்குத்தான் மனசு கேக்கல. அவனுக்குத் தெரியாம வந்திருக்கேன், கேட்டியா?"

இன்டர்வியூவுக்கு அவன் போனது எனக்குத் தெரியும். பஸ் ஏற்றிவிட்டதே நான்தான். என் ஜாதகத்தை அச்சடிப்பதற்கு முந்தின மாதம் அது.

அவள் என் கையைத் தொட்டாள். "அவன்மேல கோவம் வச்சுக்காதே. உன்னை அவனுக்கு எத்தனை இஷ்டம்னு எனக்குத் தெரியும். எனக்கு வேண்டித்தான் உன்னை விட்டான். அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து வச்சுண்டு, அம்மா, இவ ஆயில்யமாக்கும், உனக்கு ஒண்ணு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு அழுதான். போடா அசடே, நானும் ஆயில்யம்தான்னு சொன்னேன். எங்க மாமியார் தொண்ணூறு வயசு இருந்து, என்னைப் படுத்த வேண்டியதெல்லாம் படுத்திட்டுத்தான் போனா. குட்டி நல்ல குட்டி, நீ பண்ணிக்கோடான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல. அம்மாவுக்கு வேண்டி எந்தப் பிள்ளை இப்படிப் பண்ணும், சொல்லு?"

சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. துக்கம் இல்லை, பெருமை. நான் அவளைச் சபித்த நாளெல்லாம் அவள் எனக்காகப் பேசியிருக்கிறாள். என்னை வேண்டாம் என்றவள் அவள் இல்லை. நட்சத்திரமும் இல்லை, அப்பாவின் கடிகாரமும் இல்லை. அவன் ஒருவன்தான், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை.

அந்தச் சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என் பிறந்த நேரத்தைத் தட்டினேன். நிரலில் எதையும் தொடவில்லை. அச்சு இயந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளியது. அதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் வைத்தேன். நான் ஒருத்தி மட்டும் எதற்கு அதைச் சுமக்க வேண்டும் என்று இருந்தது.

"இதாரோடது?"

"என்னோடது மாமி."

தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "மகம்னு போட்டிருக்கே?"

"ஆமாம்."

"அவன் கொண்டுவந்ததுல ஆயில்யம்னுதானே இருந்துது?"

"அதுவும் இந்தக் கடைப் பேப்பர்தான். இதே கம்ப்யூட்டர்தான்."

"ஒரே கொழந்தைக்கு ரெண்டு நட்சத்திரம் எப்படி வரும்?"

இரண்டு இலக்கம், நான்கு இலக்கம், நிமிஷத்துக்குள் சந்திரன் நகரும் தூரம் என்று எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். எனக்கு அது நன்றாகவே வரும், நல்ல வாத்தியாரிடம் கற்றவள். விளக்கவில்லை.

"இதை நான் எடுத்தேன் மாமி. அதை அவன் எடுத்தான்."

கீழே கண்டக்டர் யாரோ நேமம், பாப்பனங்கோடு என்று கூவிக்கொண்டிருந்தான். தனியாக நின்று ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள் அவள், மக்கு இல்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சின்னதாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். மற்றப் பெண்ணின் சீட்டு மேஜையிலேயே கிடந்தது.

"பொருத்தம் பாக்கலையா மாமி?"

"வேண்டாம். அவனுக்குத்தான் விஸ்வாசம் இல்லையே."

குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். இரண்டு படி இறங்கியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். பின்னாலேயே போன நான் மேலே நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு வேண்டியாக்கும்னு நெனைச்சேன், குட்டீ. எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன்."